சீலிங்கில் ஒரு கால்

நான் வேலை முடிந்து வந்தபோது என் மகளின் கட்டிலுக்கு நேர் மேலே சீலிங்கில் ஓட்டை விழுந்திருந்தது. அது எப்படி விழுந்தது என்பதற்கு வீட்டில் இரண்டு கதைகள் இருந்தன. ஒன்று என் கணவரின் அண்ணன் சொன்னது. இன்னொன்று என் மகள் சொன்னது. அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அவளுக்குப் பத்து வயது. எந்தக் கதை செல்லுபடியாகும் என்பது அதிலேயே முடிவாகிவிட்டது.

அவளை நாங்கள் அணில் என்றுதான் கூப்பிடுவோம். முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் பெரியவை. எதையாவது கொறித்துக்கொண்டேதான் படிப்பாள். அன்று பள்ளி விடுமுறை. கட்டிலில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது மேலே பரணில் கரகரவென்று சத்தம் கேட்டிருக்கிறது. எலி என்று நினைத்து, பயந்து, சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்து மேலே பார்த்திருக்கிறாள். சீலிங் உடைந்து ஒரு கால் வந்திருக்கிறது.

"முழங்கால் வரைக்கும் வந்துச்சும்மா. சாம்பல் கலர் சாக்ஸ். கொஞ்ச நேரம் சைக்கிள் மிதிச்சுது. அப்புறம் மேல போயிடுச்சு."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. தலையணையெல்லாம் வெள்ளைத் தூள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு, சற்று முன்பு அவள் தலை இருந்த இடத்தில், திறந்த புத்தகத்தின் மேல் கிடந்தது. அதன் முனையைத் தடவிப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாருடைய கால் என்று கேட்கத் தேவையே இல்லை. கீழ்த்தளத்தில் என் கணவரின் அண்ணன் குடும்பம், மேல்தளத்தில் நாங்கள். எங்கள் மாடிப்படி முடியும் இடத்தில்தான் பரணுக்கு ஏறும் கதவு. அன்று பகலில் வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர்: அணில், என் ஓரகத்தி, அவள் கணவர். ஓரகத்திக்கு நாற்காலியில் ஏறினாலே தலை சுற்றும்.

அவரை வீட்டிலும் தெருவிலும் இன்ஜினியர் என்பார்கள். இன்ஜினியருக்குப் படித்தவர் இல்லை. கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவர். ஆனால் எங்கே எந்தக் குழாய் ஒழுகினாலும், எந்தக் கதவு முனகினாலும், "அதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிக்கிற உரிமை அவருக்கு உண்டு. எங்கள் மேல்தளத்துக்கு ஜிப்சம் சீலிங் போட்டதே அவர்தான். முடித்த அன்று இடுப்பில் கைவைத்து நின்று, யானை நடந்தாலும் தாங்கும் என்றார். அது வீட்டில் நிலைத்துவிட்டது. யாராவது நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தால், பயப்படாதே, இன்ஜினியர் பார்த்த நாற்காலி, யானை உட்கார்ந்தாலும் தாங்கும் என்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார், பெருமையாக.

அந்த மனிதர் டிவி ஒயர் இழுக்கப் பரணில் ஏறி, சட்டத்தின் மேல் காலை வைக்காமல் வெறும் பலகையின் மேல் வைத்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் நடக்கக்கூடியது. ஏறி வந்து, "ஐயோ, கால் தவறிப் போச்சு, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலியே" என்று கேட்டிருந்தால், இரவுச் சாப்பாட்டில் யானையை வைத்து நாலு கிண்டல் செய்துவிட்டு மறந்திருப்போம்.

அவர் ஓடி வந்திருக்கிறார்தான். "என்ன சத்தம், என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே அறைக்குள் வந்திருக்கிறார், கீழேயிருந்து வருகிறவர் போல. தலையெல்லாம் மாவாக இருந்தது என்றாள் அணில். காப்பாற்ற வந்தவர் மாதிரி அவளைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, துணி காயப்போட்டதால் வந்த வினை என்று சொல்லியிருக்கிறார்.

நான் கீழே போனபோது குளித்து உடை மாற்றி சோபாவில் இருந்தார். வீட்டில் எப்போதும் அரை டிரவுசரோடு திரிகிறவர், அன்று முழு பேன்ட் போட்டிருந்தார். ஒரு காலை நீட்டி டீப்பாய் மேல் வைத்திருந்தார். பக்கத்தில் போனால் களிம்பு வாசனை வந்தது. எனக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னார். மழைக்காலத்தில் அந்த அறையில் ஈரத்துணி காயப்போடுகிறேன், ஈரம் மேலே போகிறது, பலகை குடித்துக் குடித்து உளுத்துப்போகிறது, ஒரு நாள் விழுந்துவிடுகிறது. என்மேல் கோபம் இல்லையாம், தெரியாமல் செய்திருப்பேனாம். ஓரகத்தி அவருக்குப் பின்னால் நின்று, கையில் களிம்பு டியூபோடு, ஆமாம் என்று தலையாட்டினாள்.

எனக்கு ஜிப்சம் தெரியும். நான் ஒரு பல் மருத்துவமனையில் அச்சு வார்க்கிறவள். நோயாளி கடித்துக் கொடுத்த அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் எடுத்து, உரசிச் சரிசெய்வதுதான் என் நாள் முழுவதற்குமான வேலை. அந்தப் பிளாஸ்டரும் இந்தப் பலகையும் ஒரே மண். ஈரம் குடித்த பிளாஸ்டர் எப்படி இருக்கும் என்று என் விரலுக்குத் தெரியும். மெத்தென்று தொய்யும், பழுப்பேறும், கிள்ளினால் சோறு மாதிரி உதிரும். என் கையில் இருந்த துண்டு பிஸ்கட் மாதிரி படக்கென்று முறிந்த துண்டு. முறிந்த இடம் பளீரென்று வெள்ளை.

அதை எடுத்துக்கொண்டு போய் என் கணவரிடம் காட்டினேன். அவர் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அண்ணா காலை விட்டுட்டாருன்னு தெரியும். விடு. அவர் ஒத்துக்க மாட்டார். சீலிங்கைச் சரி பண்ணிட்டாப் போச்சு."

அந்தத் "தெரியும்" எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று சொல்லத் தெரியவில்லை. தெரியாமல் இருந்திருந்தால் அவரிடம் எடுத்துச் சொல்லலாம். தெரிந்துகொண்டு, இன்னொரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறவரிடம் என்ன சொல்வது? கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் ஒரு கண்ணாடிக் கதவு உடைந்தது. காற்றில் உடைந்தது. நான் சாத்தியதில் உடைந்ததாகத்தான் இன்றுவரை பேச்சு. போகட்டும் என்று விட்டேன். மிக்சி, மோட்டார், மாடிக் குழாய் என்று ஒவ்வொன்றாக என் பெயரில் வந்து சேர்ந்தன. எதையும் நான் மறுத்துச் சொன்னதில்லை. மறுக்காமல் இருப்பது பெரிய மனசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஈரத்துணியையும் அதே மாதிரி வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் இந்த முறை அந்த அறையில் இன்னொருத்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

விடுமுறை நாட்களில் எல்லாரும் கீழேதான் சாப்பிடுவோம். ஓட்டை விழுந்த வாரமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். அணில் பள்ளித் தோழியிடம் காலைப் பற்றிச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, தோழியின் அம்மா தெருவில் ஓரகத்தியைப் பார்த்து விசாரித்திருக்கிறாள். இன்ஜினியர் சாப்பாட்டுக்கு நடுவில் கையை நிறுத்தினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் மோசம்.

"அணிலு, பெரியப்பா கேக்கறேன், நல்லா யோசிச்சுச் சொல்லு. படுத்திருந்தே இல்ல? தூங்கியும் இருப்பே. கனவுல என்னென்னமோ வரும். கால் வரும், கை வரும். பெரியவங்களைப் பத்தி வெளில ஒண்ணு சொன்னா அது நெஜமா இருக்கணும் இல்லையா?"

அணில் என்னைப் பார்க்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டில் இருந்ததை ஓரமாக ஒதுக்கி, மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"கனவாத்தான் இருக்கும் பெரியப்பா."

"சமத்து," என்று சொல்லி அவள் தலையில் தட்டினார். ஓரகத்தி அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பரிசு மாதிரி. மேசையைச் சுற்றியிருந்த எல்லாரும் மூச்சு விட்டார்கள். எழுந்து கை கழுவப் போனபோது இன்ஜினியர் நொண்டினார். வாசல்வரை, குழாய்வரை, நொண்டிக்கொண்டேதான் போனார். நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கணவர் எழுந்து அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

என் மருத்துவமனையில் ஒன்று பார்த்திருக்கிறேன். புதுப் பல் வைத்ததும் கடித்துப் பார்க்கச் சொல்வோம். சிலர் உறுத்தினாலும் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். டாக்டருக்கு எதற்குத் தொந்தரவு என்று. வருஷக்கணக்காக ஒரு பக்கமாகவே மென்று, தாடை கோணிப்போய் வருவார்கள். கேட்டால் பழகிடுச்சு என்பார்கள். அன்று மாலை முழுவதும் நான் அணிலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதையும் கொறிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் வேலையிலிருந்து வந்தால் ஓட்டை இல்லை. நான் இல்லாத நேரமாகப் பார்த்து இன்ஜினியர் வந்து அடைத்து, பட்டி பூசி, பெயின்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார். அறை ஈரப் பெயின்ட் வாசனையில் மூச்சு முட்டியது. ஓரகத்தி மாடிப்படியில் நின்றுகொண்டு, பாத்தியா, அவர் கைவைச்சா ஓட்டை இருந்த இடமே தெரியாது என்று சொன்னாள். ஓட்டை இருந்த இடமே தெரியாது. நான் அந்த வாக்கியத்தைத் துணி மடிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். சீலிங் சரியாக வேண்டும் என்றில்லை. இடமே தெரியக் கூடாது.

ஆனால் அவசர வேலை. ஒட்டிய பலகைக்கும் பழைய பலகைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கின் மேல் டேப் ஒட்டி, அதன் மேல்தான் பட்டி பூச வேண்டும். டேப் இல்லாத பட்டி காய்ந்ததும் சுருங்கிப் பிளந்துகொள்ளும். அவர் டேப் ஒட்டவில்லை. பூசிய பட்டி காய்வதற்குள் பெயின்டையும் அடித்துவிட்டார். நான் வருவதற்குள் முடிக்க வேண்டுமே. பட்டி காயக் காய, சீலிங்கில் மயிரிழைக் கோடு ஒன்று ஓட ஆரம்பித்தது. ஒரு பக்கம், அப்புறம் மறு பக்கம். கடைசியில் நாலு பக்கமும் கூடி, கோடு போட்டு வரைந்த மாதிரி ஒரு சதுரம்.

அது எனக்கு ஒரு குரூரமான சந்தோஷத்தைத் தந்தது. மறைக்க மாட்டேன். காலையில் அணிலை எழுப்பும்போது மேலே காட்டி, அந்தக் கோடு தெரியுதா பாரு என்றேன்.

அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியுதுன்னு சொல்லணுமாம்மா, தெரியலைன்னு சொல்லணுமா?"

அவளுக்குத் தலை வாரிவிட்டேன், பள்ளிக்கு அனுப்பினேன், நானும் கிளம்பிப் போனேன். பிளாஸ்டர் கரைக்கிற கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தூளைப் போட மறந்து, வெறும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பெண், தன் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வதற்கு முன்னால் யாருக்கு எது வேண்டும் என்று கேட்கிறாள். என்னிடம் கேட்கிறாள். எனக்கு எது வேண்டுமோ அதைப் பார்க்கத் தயாராக இருக்கிறாள். கண்ணாடிக் கதவும் மிக்சியும் மோட்டாரும் போகட்டும். இது போகக் கூடாது.

திரும்பும் வழியில் கட்டடச் சாமான் கடையில் இறங்கி, கைப்பையில் வைத்திருந்த பழைய துண்டைக் காட்டி அதே கனத்தில் ஒரு பலகை வெட்டி வாங்கினேன். டேப், பட்டி, ஸ்க்ரூ, உப்புத்தாள் எல்லாம் வாங்கினேன். அடுத்து வந்த விடுமுறைக் காலையில் அணிலின் கட்டிலைச் சுவரோரம் தள்ளி, இரண்டு ஸ்டூலின் மேல் ஒரு நீளப் பலகையைப் போட்டு, பழைய போர்வையைத் தரையில் விரித்தேன். என் கணவர் வந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். அறுக்கப் போகிறேன் என்றேன்.

"பெயின்ட் அடிச்சு முடிஞ்சதை எதுக்கு அறுக்கணும்? கோட்டு மேல கொஞ்சம் பட்டி வெச்சாப் போதுமே."

"ஸ்டூலைப் பிடிச்சுக்கறீங்களா, இல்ல நானே ஏறிக்கட்டுமா?"

பிடித்துக்கொண்டார். நான் ஏறி உள்ளங்கையால் சதுரத்தை அழுத்திப் பார்த்தேன். ஆடியது. இன்ஜினியர் அந்தப் பலகையை எந்தச் சட்டத்திலும் பிடிக்கவைக்கவில்லை. மேலே குறுக்கே ஒரு மெல்லிய தகரத்தை வைத்து, அதில் இரண்டு ஸ்க்ரூ. மற்றபடி பட்டியும் பெயின்டும்தான் தாங்கிக்கொண்டிருந்தன. என் குழந்தையின் தலைக்கு மேல். எனக்கு வந்த கோபத்தில் ரம்பம் முதல் இழுப்பிலேயே உள்ளே இறங்கியது.

ரம்பச் சத்தம் வீட்டையே அறுத்தது. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் காலடி கேட்டது. ஒரு கால் பலமாக, ஒரு கால் மெதுவாக. இன்ஜினியர் வாசலில் வந்து நின்றார், பின்னால் ஓரகத்தி. என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்து, இதெல்லாம் நல்லாயில்லை என்றார். "நான் செஞ்ச வேலையை என் கண்ணெதிர்லயே அறுக்கறா, நீ ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே," என்றார். ஓரகத்தி என் பக்கம் வந்து தணிந்த குரலில், அவர் அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை, நீ கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றாள். நான் அறுப்பதை நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் சட்டம் தெரியும்வரை அகலமாக, நேராக அறுத்தேன். அவர் ஒட்டியிருந்த சதுரம் கையோடு வந்தது. அதை ஓரகத்தியிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அணில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஸ்க்ரூ டப்பாவோடு. யாரையும் பார்க்காமல் ஸ்க்ரூக்களை ஒரே பக்கமாகத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஓட்டையின் மற்ற இரண்டு ஓரங்களுக்கு மரத்துண்டுகளை உள்ளே வைத்து முடுக்கினேன். அதுவரை ஒரு ஆள் போதும். புதுப் பலகையைத் தூக்கி வைக்கும்போதுதான் இன்னொரு ஜோடிக் கை வேண்டும். ஒருத்தர் தலையாலும் கையாலும் தாங்க, ஒருத்தர் முடுக்க வேண்டும். என் கணவர் ஏறித் தாங்கிப் பார்த்தார். அவருக்கு உயரம் போதவில்லை. குதிகாலைத் தூக்கி நின்றார், பலகை ஒரு பக்கம் சரிந்தது, நான் ஒரு ஸ்க்ரூ போட்டேன், அது கோணலாகப் போனது.

வாசலில் நின்றவருக்குத் தாங்கவில்லை. அவர் எதைப் பொறுத்தாலும் கோணல் ஸ்க்ரூவைப் பொறுக்க மாட்டார். அப்படிப் பிடித்தால் விளிம்பு நொறுங்கும் என்றார். உள்ளங்கையை விரித்துப் பிடி என்றார். தம்பி விரித்தார், பலகை இன்னும் சரிந்தது.

"எறங்குடா. ஒரு பலகை பிடிக்கத் தெரியல. தள்ளு."

யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவராகவேதான் வந்தார், அவராகவேதான் ஏறினார். நல்ல காலை முதலில் வைத்து, அடிபட்ட காலை இழுத்து, நிமிர்ந்து, இரண்டு கையையும் தூக்கிப் பலகையைத் தாங்கினார். உச்சந்தலையையும் முட்டுக்கொடுத்தார். பலகை அதன் இடத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அவர் வேலைக்காரர்தான், அதில் பொய் இல்லை. நான் டிரில்லை எடுத்தேன்.

ஏறும்போது பேன்ட் மேலேறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தில் துணி மாட்டிக்கொண்டு, இறங்கவில்லை. கணுக்காலுக்கு மேலிருந்து பிளாஸ்திரிவரை இரண்டு நீளச் சிராய்ப்பு, பக்கு கட்டி, பாதி உதிர்ந்து. இரண்டு கையும் மேலே இருந்ததால் அவரால் பேன்ட்டை இழுத்துவிட முடியவில்லை. அவருக்குத் தெரிந்தது என்பது அவர் கால் விரல்கள் மடங்கியதில் எனக்குத் தெரிந்தது. எல்லாருக்கும் தெரிந்தது. அந்தக் கால் அணிலின் முகத்துக்கு நேர் எதிரே இருந்தது.

அவள் ஸ்க்ரூக்களை விட்டுவிட்டுப் பார்த்தாள். ரொம்பப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"வலிக்குதா பெரியப்பா?"

"இப்ப இல்ல," என்றார் அவர், சீலிங்கைப் பார்த்துக்கொண்டே.

"அன்னிக்கு?"

"பைக்ல இடிச்சுக்கிட்டாரு கண்ணு," என்று ஆரம்பித்தாள் ஓரகத்தி, கையில் அந்தச் சதுரத் துண்டைப் பிடித்துக்கொண்டு.

"நீ சும்மா இரு," என்றார் அவர். பிறகு, "அன்னிக்கு வலிச்சுது" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அணிலின் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அதுவே போதும் போலிருந்தது. எனக்குப் போதவில்லை. இத்தனைக்கும் பிறகு, வலிக்கிறதா என்று கேட்டு அவருக்கு வழி திறந்துவிட்டதும் அந்தக் குழந்தைதான். பெரியவர்கள் நாலு பேர் நிற்கிறோம். டிரில் என் கையில் இருந்தது. நான் அதை அழுத்தவில்லை.

"அத்தான், அவகிட்ட நேராச் சொல்லுங்க. அது கனவு இல்லைன்னு சொல்லுங்க."

"ஸ்க்ரூவைப் போடும்மா, கை கடுக்குது."

"போடறேன். சொல்லுங்க."

பலகையைக் கீழே போட்டுவிட்டு இறங்கியிருக்கலாம் அவர். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் தூள் கண்ணில் விழுந்து, கழுத்து நரம்பு புடைத்து, அப்படியே நின்றார். சரியாகப் பொருந்திய பலகையைக் கீழே விட அவருக்கு மனசு வரவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"நீ பாத்தது என் கால்தான் அணிலு. கனவில்ல. பெரியப்பாதான் பொய் சொன்னேன்."

நான் ஸ்க்ரூ போட்டேன். நாலு ஓரமும், நடுவிலும். கையை எடுக்கலாம் என்றதும் அவர் எடுத்தார், இறங்கினார், பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். போகிற போக்கில், டேப்பை ஒட்டிட்டுப் பட்டி பூசு, ஒரே நாளில் எல்லாத்தையும் பூசாதே என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். ஓரகத்தி அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

என் கணவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பாரம் இறங்கியவர் போல ஸ்டூலைத் தட்டினார்.

"ஆச்சு இல்ல? சொல்லிட்டாரு. அவர் வாயாலயே சொல்லிட்டாரு. இதுக்கு மேல என்ன?"

எனக்கு அப்போதுதான் என் கோபம் யார்மேல் என்று சரியாகப் பிடிபட்டது. அண்ணன் தன் யானையைக் காப்பாற்றப் பொய் சொன்னார். இவருக்குக் காப்பாற்ற ஒன்றும் இல்லை. வீட்டில் சத்தம் வராமல் இருந்தால் போதும் என்று, சாப்பாட்டு மேசையில் தன்னைத் திரும்பிப் பார்த்த முகத்தை விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தார்.

"அவர் சொல்லிட்டாரு," என்றேன். "நீங்க இன்னும் சொல்லல."

"நான் என்ன சொல்லணும்?"

நான் பட்டியைக் குழைத்துக்கொண்டு பலகைமேல் ஏறிவிட்டேன். இடுக்கில் முதல் பூச்சை இழுத்து, அதன் மேல் டேப்பை வைத்து, தகட்டால் அழுத்தி நீவினேன். கீழே கட்டில் முனகிய சத்தம் கேட்டது. அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்தார்.

"அணிலு, அப்பா உன்னை நம்பினேன். அன்னிக்கே நம்பினேன்."

அவள் யோசித்தாள் போலிருக்கிறது. ஸ்க்ரூ டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப ஏம்ப்பா சொல்லல?"

அவரிடமிருந்து பதில் வரவில்லை. வழக்கமாக இப்படி ஒரு இடைவெளி விழுந்தால் நான் நடுவில் புகுந்து எதையாவது சொல்லி நிரப்பிவிடுவேன். அப்பாவுக்கு அன்று தலைவலி, அப்பா மறந்துவிட்டார், வா சாப்பிடலாம். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். வார்த்தைகூட நாக்குவரை வந்துவிட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. டேப்பின் அடுத்த நீளத்தைக் கிழித்து மூன்றாவது பக்கத்தில் ஒட்டினேன். கீழே அவள் காத்துக்கொண்டிருந்தாள்.